கண்ணெதிரே உடைத்த முட்டை

அத்தியாயம் 11

“நேத்து முட்டை கூடை கூடையா கீதும்மா. எடுத்துக்கினு போயேன். நேத்துக்கும் இன்னிக்கும் இன்னா பெரிய வித்தியாசம்?” என்று கேட்டாள் எல்லம்மா.

“எனக்கு இன்னிக்கு இட்டதுதான் வேணும்,” என்றாள் செல்லம்மா.

“கோழி இப்பத்தான் குந்திக்கினு கீது. அத்த போய் நான் அவசரப்படுத்த முடியுமா?”

“வேணாம். நானும் உக்காந்துக்கறேன்.”

மேடவாக்கம் கோழிப்பண்ணையில், தீவன மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து, முந்தானையில் முடிந்திருந்த ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள் செல்லம்மா. பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் எல்லம்மா மோவாயில் கை வைத்தபடி நின்றாள்.

“தாம்பரத்திலேர்ந்து பஸ் ஏறி வந்து கோழிக்குன்னு ஜெபம் பண்ற பொம்பளைய இன்னிக்குத்தான் பாக்கறேன்!”

“கோழிக்கு இல்ல எல்லம்மா. எங்க மூத்தாருக்கு.”

சென்ற வாரம் செல்லம்மாவை வியாழக்கிழமை மாலையில், விளக்கு வைக்கும் நேரத்தில் விட்டுவிட்டு வந்தோம். அவள் கணவர் ஏசுதாசன் ரயில்வே ஷெட்டிலிருந்து திரும்பியதும் சட்டையைக் கூடக் கழற்றாமல் ஒரு செய்தி சொன்னார். அண்ணன் சவுரிமுத்து, மகள் பிலோமினாவின் கல்யாணப் பத்திரிகையை வைக்க மறுநாள் மாலை சேலையூருக்கு வருகிறார். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பியிருந்தார்: “வருவோம், வைப்போம், கிளம்பிடுவோம். சாப்பாடு கீப்பாடுன்னு எதுவும் வேணாம்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் செல்லம்மாவைத் தீவன மூட்டையில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஓர் ஈஸ்டர் பகல். அதே சேலையூர் வீடு. பந்தியில் மூத்தவர் என்று சவுரிமுத்துவுக்கு முதல் இலை. கறிக்குழம்போடு முட்டையும் வைத்திருந்தாள் செல்லம்மா. திருநாள் அவசரத்தில், கடையிலிருந்து வந்த முட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் அப்படியே அவித்துவிட்டாள். மேலுக்கு எல்லாமே வெள்ளை வெளேரென்றுதான் இருந்தன. சவுரிமுத்து தம்முடைய முட்டையை இரண்டாகப் பிட்டார். பந்தி முழுவதும் மூக்கைப் பொத்திக்கொண்டது.

செல்லம்மா பக்கத்தாரும் ஏசுதாசன் பக்கத்தாரும் என்று உறவெல்லாம் உட்கார்ந்திருந்த பந்தி அது. சவுரிமுத்து இலையை விட்டு எழுந்தார். கை கழுவினார். “இனிமே இந்த வீட்டில நான் கை நனைக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு, பொழிச்சலூர் பஸ் வரும் வரை வெயிலில் நின்றார்.

அதன் பிறகு அண்ணனும் தம்பியும் கோயில் திருவிழாவில் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சாவு வீட்டில் அருகருகே நின்றார்கள். சவுரிமுத்து சேலையூர் வாசல்படி வரை இரண்டு முறை வந்தும் போனார். ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை.

“மீன் வாங்கி வறுத்துடேன். முட்டைப் பேச்சே வேணாம்,” என்றார் ஏசுதாசன், வியாழக்கிழமை இரவு.

“முட்டையில போன உறவு முட்டையிலதான் திரும்பணும்.”

“உனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி.”

“ஆமா. ஆண்டவர் எனக்கு நகை நட்டு கொடுக்கல. இதையாவது கொடுத்திருக்காரே.”

தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்பதால் இன்னொரு கேள்வியும் இருந்தது. அன்று ஒருசந்தி, ஒருவேளைதான் முழுச் சாப்பாடு. சுத்தபோசனமும் கூட, இறைச்சி ஆகாது. முட்டை ஆகுமா? காலையில் முதல் பூசை முடிந்ததும் செல்லம்மா நேரே சாமியாரிடம் போய்க் கேட்டாள்.

“முட்டை தாராளமா ஆகும்மா,” என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “யாருக்குச் சமைக்கிறே?” என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“நோன்பு இருக்கிறவனுக்கு அந்த ஒருவேளைச் சோற்றை அன்போட போடுறதும் ஒரு நோன்புதான். போய்ப் போடு.”

அந்த ஆசீர்வாதத்தோடு பஸ் ஏறியவள்தான் செல்லம்மா.

கோழிகள் அவள் ஜெபத்துக்கு இணங்கின. கூண்டு வரிசையில் ஒவ்வொன்றாக முட்டை உருண்டு வர, எல்லம்மா எடுத்து எடுத்துக் கொடுத்தாள். கையில் வாங்கியபோது சூடாக இருந்தது. கம்பிக் கூடையில் உமி பரப்பி, அதன் மேல் அடுக்கி, மேலே துணி போர்த்தினாள் செல்லம்மா.

திரும்பும் பஸ்ஸில் ஒரே நெரிசல். வேங்கைவாசல் தாண்டியதும் ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டது. கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

“கைக்குழந்தையா? துணியை விலக்கும்மா, காத்து வரட்டும்,” என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர்.

துணியை விலக்கிக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டு, கேம்ப் ரோடு நிறுத்தம் வரும் வரை தம்முடைய முதுகையே அரணாக வைத்து, நெரிசல் அவள் மேல் விழாமல் தாங்கிக்கொண்டு நின்றார். யார், எவர் என்று தெரியாது. இறங்கியபோது ஒரு முட்டையில் கீறல் கூட இல்லை. அவருக்காக ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லிக்கொண்டே வீடு வரை நடந்தாள்.

அவள் மனதில் சமையல் தெளிவாக இருந்தது. சீரகச் சம்பா அரிசியில் முட்டை பிரியாணி. அவித்த முட்டைகளை மேலே கீறி, மிளகாய் மஞ்சள் தடவி, நெய்யில் பொன்னிறமாகப் புரட்டி, பிரியாணியின் மேல் வரிசையாக அடுக்க வேண்டும். திறந்ததும் சவுரிமுத்து கண்ணை எடுக்கக் கூடாது.

முட்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். எல்லாம் கல்லைப் போல அடியில் போய்ப் படுத்தன. பாதியை எடுத்து அவிய வைத்தாள். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கூடையிலேயே விட்டாள்.

அவிந்ததைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, முதல் முட்டையைத் தரையில் லேசாகத் தட்டி உரிக்கத் தொடங்கினாள்.

ஓடு வரவில்லை.

நகத்தைக் கொடுத்து நெம்பினாள். ஓட்டோடு வெள்ளையும் பிய்த்துக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் நெம்பியதில் மஞ்சள் கரு வரை தெரிந்தது. சரி, இது ஒன்று அப்படி என்று அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவதைத் தண்ணீருக்கு அடியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தாள். அம்மை போட்ட முகம் போலக் குண்டும் குழியுமாக அது வெளியே வந்தது.

“என்னடி செல்லம்மா, முட்டையோட மல்யுத்தமா?”

பக்கத்து வீட்டு வேதா மாமி சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியின் வீட்டுக்குள் வெங்காயமே கிழமை பார்த்துத்தான் நுழையும். ஆனாலும் இந்த ஜன்னலில் நின்று பேசாமல் மாமிக்குப் பொழுது போகாது.

“உரிக்கவே வரமாட்டேங்குது மாமி. எத்தனை வருஷமா அவிக்கறேன், இப்படி ஆனதே இல்ல.”

“நல்ல முட்டைதானே?”

“கோழி வயித்திலேர்ந்து நேரா என் கைக்கு வந்தது மாமி! இதை விட நல்ல முட்டை எங்கே கிடைக்கும்?”

மணி நாலாகிவிட்டது. சிதைந்த முட்டைகள் தட்டில் குவிந்து கிடந்தன. இதை எப்படி அந்த மனிதர் முன்னால் வைப்பது? ‘அன்னைக்குக் கெட்டது, இன்னைக்குப் பிய்ஞ்சது’ என்று நினைக்க மாட்டாரா?

ஒருவேளை உள்ளே ஏதாவது கோளாறோ என்ற பயம் வந்துவிட்டது. கூடையிலிருந்து அவிக்காத முட்டை ஒன்றை எடுத்து, ஒரு தட்டில் உடைத்துப் பார்த்தாள்.

மஞ்சள் கரு உருண்டு திரண்டு நிமிர்ந்து நின்றது. வெள்ளைக் கரு அதைச் சுற்றிக் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டைச் சாய்த்தாள். எல்லாம் ஒன்றாக நகர்ந்ததே தவிரப் பிரிந்து ஓடவில்லை.

முகத்தைச் சுளித்துக்கொண்டே மாமி எட்டிப் பார்த்தாள். “இப்படித்தான் நிக்குமா அது?”

“இல்ல மாமி. கடை முட்டைன்னா தண்ணியாட்டம் படர்ந்துடும். இது அப்படியே…”

செல்லம்மா நிறுத்தினாள். தட்டை இன்னொரு தடவை சாய்த்தாள்.

கடை முட்டை எங்கெங்கோ லாரியில் வந்து, கடையில் கிடந்து, நாள்பட்டு வீட்டுக்கு வருவது. அதன் ஓடு தானாக விட்டுக் கொடுத்துவிடும். இது காலையில் பிறந்தது. ஓட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நேற்று முட்டை போதும் என்று எல்லம்மா சொன்னபோது கேட்டிருந்தால் கூட இந்தக் கஷ்டம் கொஞ்சம் குறைந்திருக்கும். அக்கறை முந்திக்கொண்டதால் வந்த வினை!

ஆனால் இப்படி விடாமல் பிடித்துக்கொள்கிற முட்டையைக் கொதிக்கிற குழம்பில் உடைத்து ஊற்றினால்? கலங்காது. சிதறாது. பூ மாதிரி நிற்கும்.

“பிரியாணி கிடையாது மாமி. உடைச்சு ஊத்தின குழம்பு.”

“என்னமோ சொல்றே. எனக்கு ஒண்ணும் புரியலை. ஆனா உன் மூஞ்சியிலே களை வந்துடுத்து.”

செல்லம்மா அதற்குள் தேங்காயை எடுத்துத் துருவ ஆரம்பித்திருந்தாள். சிதைந்த முட்டைகளை வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை. வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள் போட்டுப் பொடிமாஸாகக் கிளறி மூடி வைத்தாள். சீரகச் சம்பாவை வெறும் நெய்ச்சோறாக வடித்தாள். சோம்பு, கசகசா, தேங்காய் அரைத்து, தக்காளி வதக்கி, புளியைக் கொஞ்சமாகக் கரைத்து, அகலமான வாணலியில் குழம்பைக் கூட்டி வைத்தாள். வாசனை தெருவுக்குப் போனது.

குழம்பு கொதிக்கும்போதுதான் அடுத்த யோசனை வந்தது. வந்ததும் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அவித்த முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பிட்டுப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது. சவுரிமுத்து அப்படித்தான் அன்று ஏமாந்தார். உடைத்து ஊற்றுகிற முட்டையில் ஒளிக்க எதுவும் இல்லை. அதை ஏன் அடுப்படிக்குள் வைத்து உடைக்க வேண்டும்? அவர் எதிரிலேயே உடைத்தால் என்ன?

ஆனால் கேஸ் அடுப்பை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவளிடம் இருந்த திரி ஸ்டவ் துருப்பிடித்துப் பரணில் கிடந்தது.

மறுபடியும் ஜன்னலுக்கு வந்தாள். கேட்கத் தயக்கமாக இருந்தது.

“மாமி… உங்க திரி ஸ்டவ்… முட்டை வைக்கணும். அதனாலதான் கேட்க…”

அந்த ஸ்டவ்வில்தான் மாமி வெள்ளிக்கிழமை பிரசாதம் செய்வாள் என்பது செல்லம்மாவுக்கும் தெரியும்.

“அக்னிக்கு ஏதுடி தீட்டு?” என்றாள் மாமி. “எடுத்துண்டு வரேன். எண்ணெய் ரொப்பியே தரேன். அலம்பித் தரேன் கிலம்பித் தரேன்னு நாளைக்கு வந்து நிக்காதே. நானே பாத்துக்கறேன்.”

போகிற போக்கில் திரும்பி, “இன்னொண்ணு. இன்னிக்கு டி.வி.யிலே பாட்டுப் போடற நாள். தெருவே என் ஆத்துக் கூடத்திலேதான் உக்காரும். சத்தத்தைக் கொறைச்சு வைக்கறேன். உன் மூத்தார் கோயில்லேர்ந்து நேரா வரார், இல்லையா?” என்றாள்.

செல்லம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த மாமியின் கையை ஒரு தரம் தொட்டுவிட்டு விலகினாள்.

சிலுவைப்பாதை முடிந்து அவர்கள் வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. சவுரிமுத்து முன்னால் வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை. பின்னால் அவர் மனைவி ஞானாம்பாள், தாம்பாளத் தட்டோடு. அவளுக்கும் பின்னால், தலையைக் குனிந்தபடி பிலோமினா.

“வாங்க மாமா. வாங்கக்கா. வாடி கண்ணு.”

“வர்றோம்மா,” என்றார் சவுரிமுத்து. நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். தட்டை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். பழம், வெற்றிலை, மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை.

“சித்தப்பா முறைக்கு நீ முன்ன நின்னு நடத்திக் கொடுக்கணும். வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்ல கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிக்கறாங்க.”

“சரி அண்ணே,” என்றார் ஏசுதாசன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு சுவரில் இருந்த திருஇருதயப் படத்தை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞானாம்பாள் மெல்ல எழுந்து சமையலறைக்குள் வந்தாள். மூடியைத் திறந்து குழம்பைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த முட்டைக் கூடையையும் பார்த்தாள்.

“அடி பாவி! மறுபடியும் முட்டையா?”

“நீங்களே சொல்லுங்கக்கா. ஒரு கெட்ட முட்டைக்காக மூணு வருஷமா?”

ஞானாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். “முட்டைக்காகன்னா நீ நினைச்சே? வீட்டுக்கு வந்ததும் அவர் முட்டையைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. ‘எல்லார் எதிரிலயும் சிரிச்சுட்டான் ஞானம்’னாரு. அவ்வளவுதான். தூக்கி வளர்த்த தம்பி இல்லையா.”

செல்லம்மாவுக்கு அந்தக் காட்சி கண் முன் வந்தது. ஆமாம், சிரித்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘அண்ணனுக்குன்னே பார்த்து வந்திருக்கு பாரு!’ என்று சொல்லிச் சிரித்தார். அதை அவளும் மறந்துவிட்டிருந்தாள். சிரித்தவரும் மறந்துவிட்டிருப்பார். சிரிப்புக்கு ஆளானவர் எப்படி மறப்பார்?

“ஆண்டவரே, இதுக்கு நான் என்ன செய்ய?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

ஹாலில் நாற்காலி நகரும் சத்தம். “அப்ப கிளம்பறோம்ப்பா,” என்றது சவுரிமுத்துவின் குரல்.

செல்லம்மா ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். நடுவில் மணையைப் போட்டு, அதன் மேல் வைத்து, திரியை ஏற்றினாள். குழம்பு வாணலியைக் கொண்டுவந்து வைத்தாள். கூடை, ஒரு சின்னக் கிண்ணம், கரண்டி.

“என்னம்மா இது?” என்றார் சவுரிமுத்து.

“நீங்க சாப்பிட வேணாம் மாமா. உட்கார்ந்து பாருங்க, போதும். காலையில மேடவாக்கம் போய், கோழி இட இட வாங்கிட்டு வந்தேன். உங்க கண் எதிரிலயே உடைக்கறேன். ஒண்ணே ஒண்ணு கெட்டிருந்தாலும் எழுந்து போயிடுங்க. நான் தடுக்க மாட்டேன்.”

“நான் அதுக்கு வரலை…”

“பார்க்கறதுக்கு நோன்பு இல்லையே மாமா?”

சவுரிமுத்து மறுபடியும் உட்கார்ந்தார்.

குழம்பு தளதளவென்று கொதித்தது. செல்லம்மா ஒரு முட்டையைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டி உடைத்தாள். கிண்ணத்தை அவர் பக்கம் நீட்டினாள். மஞ்சள் நிமிர்ந்து நின்றது. கரண்டியால் குழம்பில் சிறு குழி செய்து, கிண்ணத்தைச் சரித்து, மெதுவாக நழுவ விட்டாள். வெள்ளை சுற்றிச் சுருண்டு மஞ்சளை மூடிக்கொண்டது. ஒரு இழை கூடப் பிரியவில்லை.

“நல்லா நிக்குதே!” என்றாள் ஞானாம்பாள்.

“முட்டை நல்லாத்தான் இருக்கு,” என்றார் சவுரிமுத்து. குரலில் குறை இல்லை. ஆனால் கைகள் முழங்காலின் மேல் இருந்த இடத்திலேயே இருந்தன.

செல்லம்மா அடுத்த முட்டையை எடுத்தாள். ஒரு கணம் கையில் வைத்திருந்தாள். பிறகு அதைக் கணவரிடம் நீட்டினாள்.

“இது நீங்க.”

“நானா?” ஏசுதாசன் பதறினார். “எனக்கு ஸ்பானர் பிடிக்கத்தான் தெரியும். முட்டை உடைக்கத் தெரியுமா?”

“உங்க அண்ணனுக்கு நீங்க உடைச்சுப் போடுங்க.”

மனைவியின் கண்ணில் இருந்த உறுதியைப் பார்த்து, ஏசுதாசன் மணையருகே குந்தினார். ரயில் பெட்டியின் போல்ட்டை முடுக்கும் கை. முட்டையைக் கிண்ணத்தில் ஒரு தட்டுத் தட்டினார். லேசாகத் தட்டியதில் ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தட்டு.

முட்டை கைக்குள்ளேயே நொறுங்கியது. வெள்ளை முழங்கை வரை வழிந்தது. மஞ்சள் கரு முழுசாக, உருண்டையாக, சலவை வேட்டியின் மடியில் போய் உட்கார்ந்தது. அதை எடுக்கப் போனவரின் விரலிலிருந்து நழுவி, அது முழங்காலுக்கு உருண்டது. அங்கேயும் உடையவில்லை.

“ஐயய்யோ… செல்லம்மா… இதைப் பிடி… எங்கே போகுது பாரு இது!”

ஹாலில் ஒரு சத்தம் கேட்டது. தொண்டைக்குள் அடக்கி, அடக்க முடியாமல் வெடித்த சத்தம். சவுரிமுத்து சிரித்துவிட்டார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “டேய், அது உன்னை விட்டுப் போகாதுடா!” என்றார்.

சொன்னதும் அவருக்கே சுருக்கென்றது. சிரிப்பை நிறுத்தினார். முகம் இறுகியது.

ஏசுதாசன் குனிந்த தலையை நிமிர்த்தி அண்ணனைப் பார்த்தார். அந்த இறுகிய முகத்தை அவர் எங்கோ பார்த்திருக்கிறார். எங்கே என்று நினைவு வந்தபோது அவர் கை அந்தரத்தில் நின்றது. மூன்று வருடமாகப் புரியாதது, முட்டை வழிகிற கையோடு குந்தியிருந்த அந்த நிமிடத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது.

“சிரி அண்ணே,” என்றார் மெதுவாக. “ஏன் நிறுத்திட்டே? அன்னைக்கு நான் சிரிச்சேன். பந்தியில, எல்லார் எதிரிலயும். நீ எழுந்து போனப்பக் கூட எனக்குப் புரியல. முட்டைக்குக் கோபம்னு நினைச்சுட்டேன்.” அவர் குரல் உடைந்தது. “சிரி அண்ணே. எவ்வளவு வேணுமோ சிரிச்சுக்கோ.”

பக்கத்து வீட்டு டி.வி.யிலிருந்து, ஜன்னல் சாத்திய கூடத்துக்குள்ளிருந்து, பாட்டு மிக மெலிதாகக் கேட்டது. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

சவுரிமுத்து எழுந்தார். அவர் வாசல் பக்கம் போகவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு தம்பியின் எதிரில் குந்தி, அவர் கையைப் பிடித்துத் துடைத்துவிட்டார். முழங்கையிலிருந்து விரல் வரை, சின்ன வயதில் துடைத்துவிட்டது போல.

“முட்டை உடைக்கத் தெரியல. உனக்கெல்லாம் ரயில்வேயில எவன் வேலை கொடுத்தான்?” என்றார். பிறகு செல்லம்மாவைத் திரும்பிப் பார்க்காமலே, “காலையிலேர்ந்து வெறும் வயிறும்மா. இலையைப் போடு,” என்றார்.

ஏசுதாசன் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். வாசல்படியில் அண்ணன் கைகளை நீட்டினார். தம்பி ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார்.

“போதும்டா. குளிப்பாட்டறியா?”

செல்லம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மீதி முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துக் குழம்பில் விட்டாள். ஒன்று கூடக் கலங்கவில்லை. நெய்ச்சோற்றின் மேல் குழம்பு, அதன் நடுவில் முழு முட்டை. பக்கத்தில் பொடிமாஸ், வாழைக்காய் வறுவல். சவுரிமுத்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, முட்டையை விரலால் பிட்டார். பொன்னிறமாக மஞ்சள் வழிந்தது. எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“பொடிமாஸும் பிரமாதம்மா. இதெல்லாம் ஏன் இவ்வளவு சிரமம்?” என்றார்.

“அது சிரமப்பட்டுச் செஞ்சது இல்ல மாமா. சிரமத்தில வந்தது,” என்றாள் செல்லம்மா. பிரியாணியின் கதையைக் கேட்டு ஞானாம்பாள் புரையேறும் வரை சிரித்தாள்.

வாணலி காலியாகிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றலாம் என்று கரண்டியை விட்டபோது, அடியில் ஒரு முட்டை தட்டுப்பட்டது. எனக்கென்று வைக்காமல், இலைக்கு ஒன்றுதானே போட்டேன்? யாருடையது இது?

செல்லம்மா நிமிர்ந்து இலைகளைப் பார்த்தாள். ஓர் இலை போட்டபடியே இருந்தது. சோறு கூட வாங்கவில்லை. இத்தனை களேபரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

கல்யாணப் பெண் எங்கே?

ஒரு தட்டில் சோறும் முட்டையும் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். துணி துவைக்கும் கல்லின் மேல் பிலோமினா உட்கார்ந்திருந்தாள். சித்தியைப் பார்த்ததும் முந்தானையால் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னடி கண்ணு இது? உள்ளே உங்கப்பா மூணு வருஷம் கழிச்சுச் சாப்பிடறார். நீ இங்கே வந்து அழுதுட்டிருக்கே?”

“அதுக்காகத்தான் சித்தி வெளியே வந்தேன். அப்பா இப்பத்தான் சிரிக்கறார். என் முகத்தைப் பார்த்தா அதுவும் போயிடும்.”

செல்லம்மா தட்டைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிலோமினா அவள் கையை இறுகப் பற்றினாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

“ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கும்போது, ‘இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிஞ்சவங்க வந்து சொல்லலாம்’னு சாமியார் சொல்வார் இல்ல சித்தி? யார் வேணா சொல்லலாமா? பொண்ணே எழுந்து சொல்லலாமா?”

உள்ளே ஹாலிலிருந்து சவுரிமுத்துவின் குரல், பல நாட்களுக்குப் பிறகு உரக்க, சந்தோஷமாக வந்தது.

“செல்லம்மா! எங்கம்மா போயிட்டே? இன்னொரு முட்டை இருந்தா கொண்டா!”

கல்லின் மேல் ஆறிக்கொண்டிருந்த தட்டைச் செல்லம்மா பார்த்தாள். பிறகு தன் கையைப் பிடித்திருந்த அந்தச் சில்லிட்ட விரல்களைப் பார்த்தாள்.

“இது வேற ஒருத்தருக்கு வச்சது மாமா!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். எழுந்து பின்கட்டுக் கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டு வந்து, மறுபடியும் பிலோமினாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“முதல்ல ஒரு வாய் சாப்பிடு. அப்புறம் சொல்லு. முழுசாச் சொல்லு.”